கழித்த இருட்டு

அந்தச் சத்தம் முதன்முதலில் வந்தபோது காலை பதினோரு மணி. வெளியே தாழ்வாரத்துத் தரை வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. யாரோ தள்ளுவண்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே, ஜன்னலுக்குக் கறுப்புப் பூசி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையில், கையை மூக்குக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாத இருட்டு. அவள் முக்காலியில் உட்கார்ந்து, எதுவும் நடக்காமல் இருப்பதற்காகக் காத்திருந்தாள். அந்த இருபது நிமிடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டு எழுந்து போக வேண்டும். பதினேழாவது நிமிடத்தில் ஒலிபெருக்கி ஒரே ஒரு முறை 'டக்' என்றது.

மேசை மேல் செப்புக் கம்பி வலைக்கூண்டு. கூண்டுக்குள் ஒரு கண்ணாடித் தட்டு, தட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஊட்டத் திரவம், அதற்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஊதாப் படலம். உலோகம் கிடையாது, பிளாஸ்டிக்குக்குத் தூரத்து உறவான ஒரு கரிமப் பொருள். அதில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் புள்ளி. வெளிச்சம் பட்ட புள்ளியில் துளி மின்சாரம் எழும். அதன் மேல் ஒட்டி வளர்ந்திருக்கும் நரம்புச் செல் அதை வாங்கிக்கொண்டு துடிக்கும். அந்தத் துடிப்பைப் பெருக்கி ஒலிபெருக்கி 'டக்' என்று சொல்லும். வெளிச்சம் என்றால் சத்தம், இருட்டு என்றால் அமைதி. பார்வை போன கண்ணுக்குள் விழித்திரைக்கு அடியில் இதைச் செருகிவிட்டால், செத்துப்போன செல்களின் வேலையை இது செய்யும். அவ்வளவுதான் சங்கதி, கேட்பதற்கு. செய்வதற்கு அவளுக்கு ஆறு வருடம் பிடித்திருந்தது.

அந்தத் தட்டில் இருந்த செல்கள் அவளுடைய தம்பியின் செல்கள்.

கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன் அவன். ஒரு கதவில் விழுந்த கீறலைப் பார்த்து, நாலு டப்பாவைக் கலந்து, பழைய பெயின்ட் எது புதியது எது என்று முதலாளிக்கே தெரியாதபடி அடித்துக் கொடுப்பான். இருபத்தைந்து வயதில் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கத் தொடங்கியது. இருபத்தெட்டில் முழுக்கப் போய்விட்டது. மருத்துவமனை முதல் தடவையாக நான்கு பேருக்குப் படலம் வைக்க முன்வந்தபோது அவள் பேராசிரியரின் அறைக்கு நடையாய் நடந்து, அழாத குறையாகக் கெஞ்சி, நாலாவது இடத்தை வாங்கினாள். நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொருவரின் கையிலிருந்தும் பயறு அளவு தோலை எடுத்து, அதிலிருந்து நரம்புச் செல்லாக வளர்த்து, படலத்தில் ஒட்டவைத்துப் பத்து நாள் அளந்து பார்க்க வேண்டும். இருட்டில் துடிப்பு வரக் கூடாது. வந்தால் அந்த இடம் காத்திருக்கும் ஐந்தாவது ஆளுக்குப் போய்விடும்.

ஒரு 'டக்'குக்கு யாரும் இடத்தைப் பறிக்கப் போவதில்லை. அவள் எழுதிவைத்துவிட்டு மறந்தாள்.

மறுநாள் இரண்டாவது வரிசையும் பேசியது. மூன்றாம் நாள் மூன்றாவது. இருட்டில் திரை எரியக் கூடாது என்பதால் அப்போது சத்தம் மட்டும்தான்; எந்தப் புள்ளி துடித்தது என்று பிறகு கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பார்த்தால், எப்போதும் கதவுப் பக்கத்து விளிம்பிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக, ஒன்று முடிந்து ஒன்று. மற்ற மூன்று பேரின் தட்டுகளை ஒவ்வொன்றாக அதே மேசையில், அதே கூண்டில் வைத்து அளந்தபோது அவை அமைதியாக இருந்தன. இவனுடையது மட்டும் வாயைத் திறந்துகொண்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, இந்த ஒரு தட்டில், இந்தப் பத்து நாளில்தானா? கதவிடுக்கில் துணி திணித்தாள். ஒலிபெருக்கியின் பச்சை விளக்கின் மேல் கறுப்பு டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினாள். கைப்பேசியைத் தாழ்வாரத்திலேயே வைத்தாள். இருட்டில் முள் மினுங்குகிறது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். மூக்குக்கண்ணாடியில் ஏதாவது வெளிச்சம் பட்டுத் தெறிக்குமோ என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி உட்கார்ந்து பார்த்தாள். டக். டக். டக்.

மின்சார வேலை பார்ப்பவரை அழைத்தாள். ஆய்வகத்தில் அவருக்குக் 'கம்பி' என்று பெயர்; ஆளும் அப்படித்தான் இருப்பார். இரண்டு மணி நேரம் மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்து, எர்த் வயரை மாற்றிவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு எழுந்தார்.

"வயர்ல ஒண்ணும் இல்ல மேடம். என் தலையில அடிச்சுச் சொல்றேன்."

"அப்ப சத்தம் எங்கிருந்துண்ணா வருது?"

"அது உங்க டிபார்ட்மென்ட். செல்லுக்கு எர்த் குடுக்க எனக்குத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு, ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், கூண்டைத் திறந்து தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். படலத்தில்தான் கோளாறு என்றால் இப்போது சத்தம் சுவர்ப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். விளக்கை அணைத்தாள். இருபது நிமிடம். கோப்பைத் திறந்தாள்.

கதவுப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தது. நேற்றுவரை சுவர்ப் பக்கம் கடைசியாக இருந்த வரிசை இன்று முதலில். வெளிச்சத்தில், மின்விசிறிக்குக் கீழே, அவள் கழுத்து முடி கூச்செறிந்தது. கதவைப் பார்த்தாள். சாதாரணக் கதவு. கைப்பிடியில் அவளுடைய கோட்டு தொங்கியது.

வீட்டில் தம்பி சட்டைகளைத் தொட்டுப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க ஆந்தையாரே. இன்னிக்கு இருட்டுல என்ன பிடிச்சீங்க?"

"சும்மா இருடா."

"என் செல்லு எப்படி இருக்கு? ஒழுங்கா நடந்துக்குதா, இல்ல என்னை மாதிரியா?"

"உன்னை மாதிரிதான். இருன்னா இருக்க மாட்டேங்குது." கைப்பையை வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "டேய், உனக்கு இருட்டா இருக்கே, அதுல எதாவது தெரியுமா? புள்ளி, கோடு, அந்த மாதிரி?"

"ஒண்ணும் தெரியாது. காலி வீடு மாதிரி. முதல்ல பயமா இருந்துச்சு, இப்ப பழகிப்போச்சு." மடித்த சட்டையின் ஓரத்தை நீவினான். "உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்சா எதுக்கு பயப்படணும்?"

அவனுக்குத் திரும்பப் பார்வை முழுசாக வராது என்று அவனுக்குத் தெரியும். ஜன்னல் எது, சுவர் எது, எதிரில் நிற்பது ஆளா தூணா, இவ்வளவுதான். அதுவே போதும் என்றான். ஜன்னல் எங்கே என்று தெரிந்தால் மற்றதைத் தடவிக்கொள்வேன் என்றான். அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஒன்பது வரிசை. பேராசிரியர் தாளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கழிச்சிடும்மா."

"சார்?"

"இருட்டுல வர்றதை பின்னணி இரைச்சல்னு எடுத்துக்கிட்டு, மொத்தத்துலேருந்து கழிச்சிடு. எல்லாரும் செய்றதுதானே."

"இரைச்சல்னா ஒழுங்கில்லாம வரணும் சார். இது வரிசையா வருது. தட்டைத் திருப்பினாலும் கதவுப் பக்கத்துலேருந்தே வருது."

"கதவுப் பக்கத்துலேருந்து." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதை அப்படியே எழுதி அனுப்பணும்னா அனுப்பு. நான் தடுக்கல. ஐந்தாவது ஆள் போன வாரம்கூட போன் பண்ணிக் கேட்டாரு."

பத்தாம் நாள் அவள் கோபத்தோடுதான் உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போது வேண்டுமென்றே அறைந்தாள். விளக்கை அணைத்து, முக்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வா, பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னாள். அமைதி. திரவத்தின் இலேசான இனிப்பு வாடை, சூடேற்றியின் ரீங்காரம், தன் மூச்சு. பிறகு டக்; கதவுப் பக்கத்து வரிசை என்று கோப்பைப் பார்க்காமலே தெரிந்தது. சற்று விட்டு, அடுத்த வரிசை. நகத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே ஒருவர் நெருங்கி வருவதுபோல், அவசரமே இல்லாமல். ஐந்து. ஆறு. இனிப்பு வாடைக்கு மேல் இன்னொரு வாடை எழுந்தது. பல வருடம் பூட்டியிருந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அது. எட்டு. ஒன்பது. முகத்தில் எதுவும் படவில்லை. ஆனால் முகத்துக்கு முன்னால் இருந்த காற்று நின்றுவிட்டது.

பத்து.

நூறு புள்ளியும் ஒன்றாகத் துடித்தன. ஒலிபெருக்கி அலறியது. அவள் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரைத் தடவி, விசையைக் கண்டுபிடித்து அழுத்தினாள். சத்தம் சட்டென்று நின்றது. அறையில் யாரும் இல்லை. கூண்டு மூடியபடி இருந்தது. தட்டில் இளஞ்சிவப்புத் திரவம் பால் கலந்ததுபோல் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது படலத்தின் மேல் உயிரோடு ஒரு செல்லும் இல்லை.

கிருமித் தொற்று என்று எழுதினாள். தட்டுகளுக்குக் கிருமி வருவது சகஜம். யாரும் கேட்கப் போவதில்லை. இடத்தை விட்டுக்கொடுத்தால் தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான். பரவாயில்லக்கா என்று சொல்லிவிட்டுச் சட்டையை மடிப்பான். அந்தப் 'பரவாயில்ல'யை நினைத்ததும் அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து நாளின் இருட்டையும் கழித்தாள். நேர்கோடு போலச் சுத்தமான எண்கள். அவற்றைப் பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்தாள். பழையதை மாற்றவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

ஒரு கண்ணில் மட்டும் செய்த அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. கட்டைப் பிரித்த காலையில் கண் மருத்துவர் திரைச்சீலையை விலக்கினார். தம்பி வலப்பக்கம் தலையைத் திருப்பி, கையை நீட்டி, "ஜன்னல்" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இது தூண் இல்ல, எங்க அக்கா" என்றான். செவிலியர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பத்து நாள் அவளைப் பிடித்து ஆட்டிய பயமெல்லாம் கரைந்து போயிற்று. கழித்தது சரிதான் என்று அந்த நிமிடம் மனதார நம்பினாள்.

படலம் ஒட்டிப் பிடிக்க, அந்தக் கண்ணைப் பத்து நாள் கறுப்பு மூடி போட்டு மூடிவைக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒட்டிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எடுத்தால் விழித்திரையும் கூடவே வந்துவிடும்.

மூன்றாம் நாள் மதியம் அவள் மருத்துவமனை அறைக்குள் போனபோது மூடி தரையில் கிடந்தது. அறையில் எல்லா விளக்கும் எரிந்தன. அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் கண்ணிமைகளைப் பிளந்து பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைவிழி இரத்தமாகச் சிவந்து, கன்னம் வழியே நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், என்ன பண்ற? கையை எடு."

"மூட முடியலக்கா." குரலில் கேலி துளிகூட இல்லை. "மூடினா வருது."

"என்ன வருது?"

"தெரியல. ஆள் இல்ல. உருவமும் இல்ல. ஒரு ஓரம். ஓரம் மட்டும் கதவுப் பக்கத்துலேருந்து உள்ள வருது. ஓரமே இவ்வளவுன்னா முழுசு எவ்வளவு பெரிசுன்னு தெரியல." மூச்சு வாங்கினான். "திறந்தா நின்னுடுது. ஆனா பின்னால போகல. சிமிட்டினாகூட கொஞ்சம் வருது. ரெண்டு நாளா தூங்கல."

அவள் கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்துவிட்டு, கட்டிலோடு அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். "ஒரே ஒரு தடவை மூடு. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

மூடினான். திறந்தான். கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டிக் கதவைக் காட்டினான்.

"எத்தனை கோடு வந்திருக்கு?"

"ஆறு." அவன் முகம் மெல்ல அவள் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. "கோடுன்னு நான் சொல்லவே இல்லியேக்கா."

அவள் குனிந்து கட்டிலின் சக்கரப் பூட்டை மறுபடி போட்டாள்.

"நீ சோதிச்சப்போ இருட்டுல ஒண்ணும் வரலைல்ல?"

"இல்ல" என்றாள். "ஒண்ணும் வரல."

"முன்னாடி காலியா இருந்துச்சுக்கா" என்றான் அவன்.

அவள் தாழ்வாரத்துக்கு ஓடினாள். கண் மருத்துவரை வழியில் மறித்து எல்லாவற்றையும் கொட்டினாள்: பத்து வரிசை, கதவு, கலங்கிய தட்டு, கழித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, அவளும் கேட்கும்படி வைத்தார்.

"எண்ணுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றது பேராசிரியரின் குரல். "நீதானே அனுப்பின. கோப்பு என் முன்னாடிதான் இருக்கு. இருட்டு அளவு பூஜ்யம்."

"கழிச்சுட்டு அனுப்பினேன் சார். நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப கழிக்காத கோப்பைக் காட்டு."

"அது மேலேயே சேமிச்சுட்டேன் சார்."

"அக்காவுக்கும் தூக்கம் இல்லபோல" என்றார் மருத்துவர், போனை வைத்துவிட்டு. "விரலால இழுத்துப் பிடிச்சா தையல் பிரிஞ்சிடும். மொத்தக் கண்ணும் போயிடும். ஒரு ஊசி போட்டா எட்டு மணி நேரம் நல்லா தூங்குவான். எழுந்தா சரியாயிடும்."

"தூங்க வைக்காதீங்க டாக்டர். எது வேணா பண்ணுங்க, தூங்க மட்டும் வைக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார், சம்மதிப்பதுபோல. அவளைக் கடந்து போனார்.

அவள் உள்ளே வருவதற்குள் இரண்டு உதவியாளர்கள் தம்பியின் கையை விலக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் அக்கா அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான், கத்தவில்லை. அவள் செவிலியரின் கையைப் பிடித்து இழுத்தாள். யாரோ அவளை இடுப்போடு தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊசி இறங்கியது. அவன் கண்ணை அகலமாகத் திறந்தே வைத்திருந்தான், முடிந்தவரை. பிறகு இமைகள் கனத்தன. செவிலியர் மூடியைத் தரையிலிருந்து எடுத்துப் பார்த்து, வேறு புதியது கொண்டுவரப் போனார். எல்லோரும் போனார்கள்.

மூன்று மணி வெயில் ஜன்னலில் இருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. அவன் மல்லாந்து தூங்கினான்.

அவள் கட்டில் பக்கம் போய் அவன் இமையைக் கட்டைவிரலால் தூக்கப் பார்த்தாள். வியர்வையில் வழுக்கியது. மறுபடி பார்த்தாள். இமை அசைய மறுத்தது.

மூடிய இமைக்கு அடியில் விழி உருண்டது. கதவுப் பக்கம் போய் நின்றது. பிறகு ஒரு சின்ன அசைவு உள்பக்கமாக. நிறுத்தம்.

ஏழு.

அந்த நிதானம் அவளுக்குத் தெரியும். காதால் பத்து நாள் கேட்டது.

எட்டு.

பூட்டியிருந்த பெட்டியின் வாடை.

"எழுந்திருடா" என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை தொய்ந்து ஆடியது. விழி மட்டும் ஆடவில்லை.

ஒன்பது.

ஜன்னல் சீலை அசைவதை நிறுத்தியது. அவள் முகத்துக்கு முன்னால் காற்று இல்லை. தாழ்வாரத்தில் செவிலியரின் செருப்புச் சத்தம் தொலைவில், நிதானமாக வந்துகொண்டிருந்தது.

விழி நடுவுக்கு வந்து நின்றது. நேராக மேலே பார்த்தபடி. இமை மூடியேதான் இருந்தது.

அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு திரண்டு, கன்னத்தில் இறங்கி, தலையணையில் விழுந்தது. கண்ணீர் இல்லை. பால் கலந்ததுபோல் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.